பாதி வடை

ஸ்பெயின் நாட்டிற்குச் சுற்றுலா சென்றிருந்த அக்கா, கிரனாடா நகரின் அல்பாய்சின் பகுதியில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தார். மூர்கள் எனப்பட்ட முஸ்லிம்கள் 1492ஆம் ஆண்டு வரை ஆண்ட நகரம் அது. அந்நகரின் கடைகளில் பானம் ஒன்று வாங்கினால், 'தாபாஸ்' என்னும் சிற்றுணவைச் சிறு தட்டில் இலவசமாகத் தருவார்களாம். மக்கள் அதைப் பகிர்ந்து உண்டு, பேசிக்கொண்டே அடுத்த கடைக்கு நடப்பார்களாம்.

இதைக் கேட்ட தாத்தா சிரித்தார். "பிரிக்பீல்ட்ஸில் நாங்களும் அப்படித்தானே பசியாறினோம்!" என்றார்.

தாத்தா பிறந்து வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில். அவ்வீடுகள் இடிக்கப்பட்ட பிறகு அவர் அந்தப் பக்கமே போனதில்லை. "இல்லாத வீட்டைப் பார்க்க எதற்குப் போக வேண்டும்?" என்பார்.

"பார்க்க வேண்டாம் தாத்தா. பசியாறப் போவோம்" என்றேன்.

மறுநாள் மேருவிலிருந்து கிள்ளானுக்குச் சென்று, கொமுட்டர் இரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கினோம். "இந்த இடத்தில்தான் இரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்ப்பார்கள். என் அப்பாவுக்கு இங்கேதான் வேலை" என்றார் தாத்தா.

நடந்துகொண்டே ஊரின் கதையையும் சொன்னார். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அதன்பின் நகரைச் செங்கல்லால் கட்டினார்கள். அந்தச் செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்ததால்தான் இவ்விடம் பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது.

முதல் ஒட்டுக்கடையில் சூடான பருப்பு வடை வாங்கினோம். அடுத்த கடையில் வாழைப்பழப் பொரியல். மூன்றாவது கடையில் தே தாரிக். எங்கும் வயிறு நிறைய உண்ணவில்லை, எங்கும் அவசரப்படவுமில்லை.

தாத்தாவின் கால்கள் தாமாகவே பழைய குடியிருப்பு இருந்த தெருவுக்குத் திரும்பின. அவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, பொட்டலத்தில் மிஞ்சியிருந்த ஒரே வடையைப் பிட்டுப் பாதியை என்னிடம் நீட்டினார்.

"எங்கள் வீட்டில் ஆறு பிள்ளைகள். முழு வடை யாருக்கும் கிடைத்ததில்லை. கிடைத்த பாதியிலும் பக்கத்து வீட்டு நண்பனுக்குப் பங்கு உண்டு" என்றார்.

அந்த வீட்டை நான் பார்த்ததில்லை. ஆயினும், அன்று அதன் வாசலில் அமர்ந்து உண்டதைப் போலவே இருந்தது.

இரயிலில் திரும்பும்போது தாத்தா கேட்டார்: "அக்கா எப்போது வருகிறாள்? அவளையும் இங்கே அழைத்து வர வேண்டும்."