ஏழாண்டும் பதினெட்டு மாதமும்

தோணி மூழ்கிவிட்டது என்பதைக் காப்பீட்டு நிறுவனம் ஐந்தாம் மாதமே ஏற்றுக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டது. உரிமையாளருக்குத் தோணியின் மதிப்பு வந்தது. வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றி அனுப்பிய வியாபாரிக்குச் சரக்கின் விலை வந்தது. அதே தோணியில் போன ஒன்பது பேர் இறந்துவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்ள மட்டும் உரிமையாளர் தயாராக இல்லை. உடல் கிடைக்கவில்லை, கண்ணால் பார்த்தவர் இல்லை, ஆகவே சட்டப்படி ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றார்.

1980களின் தொடக்கத்தில் நான் நடத்திய வழக்கு இது. மேல்நாடுகளில் பாய்க்கப்பல்களின் காலம் எப்போதோ முடிந்திருந்தது. தூத்துக்குடியில் முடியவில்லை. 1974இல் புதிய பெருந்துறைமுகம் வந்த பிறகும், இன்ஜின் இல்லாத மரத்தோணிகள் பழைய துறையிலிருந்து காற்றை நம்பிக் கொழும்புக்குப் போய்வந்துகொண்டிருந்தன. ஏறக்குறைய 150 கடல்மைல். காற்று வாய்த்தால் இரண்டு நாளில் சேர்ந்துவிடலாம். வாய்க்காவிட்டால் எத்தனை நாள் கிடக்க வேண்டும் என்று தோணியை நடத்தும் தண்டலாலேயே சொல்ல முடியாது. அந்தத் தோணியில் வயர்லெஸ் கிடையாது. கிளம்பிய செய்தி ஒரு கரையில் இருக்கும், சேர்ந்த செய்தி மறுகரையிலிருந்து வர வேண்டும். இடையில் என்ன நடந்தது என்பது அதில் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் லிவர்பூலிலிருந்தோ லண்டனிலிருந்தோ கிளம்பிய கப்பலுக்கும் இதே நிலைதான். அதனால் இந்த வழக்குக்கு வேண்டிய சட்டத்தை நான் அந்தக் காலத்துத் தீர்ப்புகளில் போய்த் தேடினேன்.

என்னிடம் வந்தவர் அந்தத் தோணியில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி. இரண்டு பிள்ளைகள். தோணி போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பங்குச் சாமியாரிடம் கணவருக்காகப் பூசை வைக்கக் கேட்டிருக்கிறார். இறந்தவருக்கான பூசையா, திரும்பி வர வேண்டும் என்ற வேண்டுதல் பூசையா என்று சாமியார் கேட்க, பதில் சொல்லத் தெரியாமல் வீடு திரும்பியிருக்கிறார். ரேஷன் அட்டையில் கணவர் பெயர் அப்படியே இருந்தது. தாலி கழுத்தில் இருந்தது. மாமியார் வீட்டில் ஒரு சொல், அம்மா வீட்டில் ஒரு சொல். "ஐயா, மொதலாளி ஏழு வருசம் பொறுக்கச் சொல்றாரு. அதுவரைக்கும் நான் என்னன்னு இருக்கட்டும்?" என்று கேட்டார்.

முதலாளி சொன்ன அந்த ஏழு ஆண்டுக்குள் ஒரு கண்ணி இருந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் கப்பல் தொழிலாளர்களுக்கென்றே 15ஆம் பிரிவு இருந்தது. பாயால் மட்டுமே ஓடும் கடற்கலங்களும் அந்தச் சட்டத்தின் பட்டியலுக்குள் அடங்கின. ஆட்கள் அனைவரோடும் கப்பல் தொலைந்துபோனால், தொலைந்த நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் இழப்பீடு கேட்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. முதலாளி பேச்சைக் கேட்டு இந்த அம்மா ஏழு ஆண்டு பொறுத்திருந்தால், அதற்குள் கெடு முடிந்து ஐந்தரை ஆண்டு கடந்திருக்கும். முதலாளிக்கு இது தெரிந்திருந்ததா என்று நான் ஆராயப் போகவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அன்று மாலையே மனுவை எழுதத் தொடங்கினேன்.

ஏழு ஆண்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. பழைய இங்கிலாந்தில் நிலக் குத்தகைகளை மனிதர்களின் ஆயுளோடு கட்டி எழுதுவார்கள். இன்னார் உயிரோடு இருக்கும்வரை இந்தக் குத்தகை செல்லும் என்று எழுதியிருக்கும். அந்த இன்னார் கப்பலேறிப் போய்த் தகவலே இல்லாமல் மறைந்தால் நிலத்துக்காரரால் நிலத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே குத்தகைதாரர் நிலத்தை அனுபவிப்பார். இதைத் தீர்க்க 1666இல் ஒரு சட்டம் வந்தது. கடல் கடந்து போய் ஏழு ஆண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்றது அது. உரிமை உள்ளவருக்கு வழி திறந்துவிடத்தான் அந்தக் கணக்கைப் போட்டார்கள். 1872 இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் வந்து உட்கார்ந்ததும் அந்தக் கருத்துதான். ஏழு ஆண்டு ஆகிவிட்டால், ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். அவ்வளவே அந்தப் பிரிவு. ஏழு ஆண்டுக்கு முன்பு மரணத்தைச் சூழ்நிலைகளைக் கொண்டு மெய்ப்பிக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் இந்த நாட்டில் வட்டாட்சியர் அலுவலகம் முதல் வங்கி வரை எல்லோரும் அதைத் தடையாகவே வாசித்துவந்தார்கள்.

மனிதர்களுக்குத்தான் இந்தத் தயக்கம். கப்பலையும் சரக்கையும் பற்றிய சட்டம் 1743லேயே தெளிந்துவிட்டது. வட கரோலினாவிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய கப்பல் ஒன்று வந்து சேரவில்லை. கிளம்பியதற்குச் சாட்சி உண்டு, அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. எதிரிகள் பிடித்துக்கொண்டுபோனால் பொறுப்பில்லை என்று காப்பீட்டு ஒப்பந்தத்தில் இருந்தது. ஆகவே கப்பல் மூழ்கித்தான் போனது என்று காப்பீடு கேட்பவரே மெய்ப்பிக்க வேண்டும் என்று காப்பீட்டாளர் வாதிட்டார். கிரீன் எதிர் பிரவுன் என்ற அந்த வழக்கில் தலைமை நீதிபதி லீ அதை ஏற்கவில்லை. மற்ற வகையில் கப்பல் தொலைந்தால் எப்படியாவது தகவல் வந்துவிடும், மூழ்கினால்தான் வராது என்று கடல் அறிந்தவர்கள் சாட்சி சொல்லியிருந்தார்கள். கப்பலில் இருந்த அனைவரும் மூழ்கியதாகக் கொள்ளும் வழக்கில் நேர்ச் சாட்சி கேட்பது நியாயமல்ல, அந்த நிலைமையில் கிடைக்கக்கூடிய சிறந்த சான்று போதும் என்றார் நீதிபதி. நம் நாட்டின் 1963 கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு இதன் வழி வந்ததுதான். காணாமல் போன கப்பலைப் பற்றி நியாயமான காலத்துக்குள் செய்தி வராவிட்டால் அது முற்றிலும் அழிந்ததாகக் கொள்ளலாம். எங்கள் வழக்கில் அந்த நியாயமான காலம் ஐந்து மாதம்.

1743இன் அந்தத் தீர்ப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் கப்பல் அழிந்தது என்பதற்கு ஆதாரமாக நிற்பது மனிதர்களின் மரணம். எல்லோரும் செத்துப்போனதால்தான் சாட்சி இல்லை, சாட்சி இல்லாததால்தான் பணம் கொடு என்பது அதன் தருக்கம். அப்படியானால் மாலுமிகளின் மரணத்தை ஏற்காமல் கப்பலின் அழிவை ஏற்கவே முடியாது. என் வாதம் முழுவதையும் இந்த ஒன்றின்மேல்தான் கட்டினேன்.

பாய்க்கப்பல் காலத்தில் இப்படிக் காத்திருந்த குடும்பங்கள் எத்தனை ஆயிரம்! 1880 ஜனவரி 31 அன்று பெர்முடாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் கடற்படைப் பயிற்சிக் கப்பல் அட்டலாண்டா வந்து சேரவே இல்லை. அதில் 281 பேர், பெரும்பாலும் பயிற்சி பெற வந்த இளைஞர்கள். லண்டனின் லாயிட்ஸ் காப்பீட்டுக் கூடத்தில் இன்றும் தொங்கும் மணி, 1799இல் டச்சுக் கரையோரம் மூழ்கிய லூட்டின் கப்பலுடையது. கப்பல் தொலைந்த செய்தி வந்தால் ஒரு தரம், தாமதமான கப்பல் வந்து சேர்ந்தால் இரண்டு தரம் முன்பு அதை அடித்தார்கள். காப்பீட்டு வியாபாரிகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி தெரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. துறைமுகத் தெருக்களில் இருந்த பெண்களுக்கு அப்படி ஒரு மணி யாரும் வைக்கவில்லை.

விசாரணை திருநெல்வேலியில், தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் முன்பு நடந்தது. கொழும்புத் துறையில் அந்தத் தோணி நுழையவில்லை என்பதற்குக் கடிதம் வாங்கியிருந்தோம். எங்கள் முக்கியச் சாட்சி, அந்தத் தோணி கிளம்பிய அன்று மாலை தூத்துக்குடித் துறையிலிருந்தே கிளம்பிய இன்னொரு தோணியின் தண்டல். அறுபதைக் கடந்தவர். கூண்டில் ஏறியதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், சொல்லியும் பிரிக்கவில்லை. முதல் இரவு நடுச்சாமம் வரை அந்தத் தோணியின் விளக்கு தமக்குக் கிழக்கே தெரிந்தது என்றார். பிறகு வாடைக் காற்று திடீரென்று முறுக்கியது, மழை மறைத்தது, தாம் பாயை இறக்கிவிட்டு அலைப்போக்கில் விட்டதாகவும் தமது தோணியில் பாயைத் தாங்கும் பருமல் முறிந்ததாகவும் சொன்னார். கொழும்பு சேர நான்கு நாள் ஆகியிருக்கிறது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். "அந்தத் தோணி மூழ்கியதை நீர் பார்த்தீரா?"

"பாக்கலீங்க. பாத்திருந்தா ஆளுகளத் தூக்கியிருப்பேன்."

"பார்க்காமல் எப்படி மூழ்கியது என்று சொல்கிறீர்?"

"வெளுத்தப்ப கண்ணுக்கு எட்டுன மட்டும் பாய் இல்லீங்க. ரெண்டு பேரும் ஒரே காத்துல போனோம். நான் வந்துட்டேன்."

வழக்கறிஞர் அதற்குமேல் கேட்கவில்லை.

அடுத்து உரிமையாளர். ஒன்பது பேரும் இலங்கையில் எங்காவது இறங்கிக்கொண்டிருக்கலாம் என்று அவர் பதிலுரையில் சொல்லியிருந்தார். காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பை வரவழைக்கும்படி முன்பே மனு போட்டிருந்தேன். அதில் அவர் கைப்பட எழுதிய கோரிக்கைக் கடிதம் இருந்தது. ஆட்கள் அனைவரோடும் தோணி கடலில் மூழ்கி அழிந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். கையெழுத்து உங்களுடையதா என்றேன். ஆமாம் என்றார். காப்பீட்டுக்காரர்கள் அப்படித்தான் எழுத வேண்டும் என்றார்கள், எழுதினேன் என்றார். கடிதத்தின் இணைப்பைக் காட்டினேன். மூழ்கியவர்கள் என்ற தலைப்பின் கீழ் ஒன்பது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஊரும் வயதும் வேலையும். மூன்றாவது பெயர் என் கட்சிக்காரரின் கணவர். அதை உரக்க வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். கணவர் இறந்துவிட்டார் என்று ஒரு வாய் சொல்லி அவர் கேட்டது அன்றுதான் முதல்முறை.

எதிர்த்தரப்புக்கு இன்னும் இரண்டு வாதங்கள் இருந்தன. 1958 வணிகக் கப்பல் சட்டத்தில், கப்பல் கிளம்பிப் பன்னிரண்டு மாதம் செய்தி இல்லையென்றால் ஆட்கள் அனைவரோடும் தொலைந்ததாகக் கொள்ள வழி இருந்தது. நான் அதைக் காட்டியபோது, அது பெரிய கப்பல்களுக்கானது, பாய்மரக் கலங்களுக்குச் சட்டத்தில் தனிப் பகுதி இருக்கிறது என்றார்கள். அந்தப் பிரிவு இல்லாவிட்டாலும் என்னிடம் சான்று போதுமான அளவுக்கு இருக்கிறது என்று விட்டுவிட்டேன். மற்றொன்று கடைசிப் பயணத்தின் கூலி. சரக்கு இறங்கவில்லை, ஆகவே கூலி கிடையாது என்றார்கள். இது பாய்க்கப்பல் காலத்தின் மிகக் கொடிய விதி. சரக்குக் கட்டணம் கிடைத்தால்தான் மாலுமிக்குச் சம்பளம். கப்பல் உடைந்தால் கடலில் தத்தளித்துக் கரையேறியவனுக்கும் ஒரு காசு கிடையாது. கப்பலைக் காப்பாற்ற மாலுமிகள் உயிரைக் கொடுத்துப் போராட வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்களாம். உயிரைத்தான் ஏற்கெனவே பணயம் வைத்தாயிற்றே, அதற்கு மேல் என்ன வேண்டும்? இங்கிலாந்தே அந்த விதியை 1854இல் கைவிட்டது. திருநெல்வேலியில் ஏறக்குறைய 130 ஆண்டு கழித்து அதை என் முன்னால் சட்டம் என்று நீட்டினார்கள். இழப்பீட்டு ஆணையர் அந்தக் கூலியைத் தீர்மானிக்கும் அதிகாரம் உடையவர் அல்லர், அதனால் இந்த மனுவில் அதைப் பற்றி முடிவு வரவில்லை. உரிமையாளர் பிறகு தாமாகவே கொடுத்துவிட்டார்.

ஆணையரின் உத்தரவு நீளமானதல்ல. தோணி அழிந்தது என்று சொல்லிப் பணம் பெற்றவர், அதே கடிதத்தில் தாம் பெயர் குறித்து இறந்ததாகச் சொன்னவரின் மனைவியிடம் அந்த மரணத்தை மறுக்க இடமில்லை என்று எழுதினார். ஏழு ஆண்டு விதி இந்த மனுவுக்குத் தடையல்ல என்றார். தொகையைக் கட்டச் சொன்னார். மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் முழுத் தொகையையும் முதலில் கட்டியாக வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நல்ல அம்சமாக இருந்தது. உரிமையாளர் கட்டினார், மேல்முறையீடு செய்யவில்லை. பிள்ளைகளின் பங்கு வங்கியில் போடப்பட்டது. அடுத்த மாதம் கோயிலில் பூசை வைத்தார்கள். என்னையும் அழைத்தார்கள், போயிருந்தேன்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும் 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகும், காணாமல் போனவர்களின் குடும்பங்களை ஏழு ஆண்டு காக்க வைக்காமல் உதவி கொடுக்க அரசுகள் வழி செய்தன. பேரழிவென்றால் அரசாணை வருகிறது. ஒரு படகு மட்டும் போய்த் திரும்பாதபோது எந்த ஆணையும் வருவதில்லை. சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அதே ஏழு ஆண்டு 111ஆம் பிரிவாக இருக்கிறது. இப்போதும் மீனவக் குடும்பங்கள் அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டு என்னிடம் வருகின்றன. ஆள் எந்தப் படகில் போனார், படகுக்குக் காப்பீடு இருந்ததா, அந்தக் கோரிக்கையில் என்ன எழுதினார்கள் என்பதைத்தான் நான் முதலில் விசாரிக்கிறேன்.

அந்தத் தோணியில் போன மற்ற எட்டுப் பேரின் குடும்பங்களுக்கும் ஆள் அனுப்பியிருந்தோம். அவர்கள் வருவதற்குள் 18 மாதம் கடந்துவிட்டது. காலதாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையர் மன்னிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. ஏழு ஆண்டு பொறுங்கள் என்று முதலாளியே சொன்னதைக் காரணமாகக் காட்டினோம், ஏற்றுக்கொண்டார். கடைசியாக வந்தது சமையலுக்குப் போன பையனின் தாய், கணவரை முன்பே இழந்தவர். பையனுக்குச் சம்பளமே பேசவில்லை, தொழில் பழக வந்தவன், ஆகவே அவன் தொழிலாளி அல்ல என்று உரிமையாளர் தரப்பில் சொன்னார்கள். இணைப்பில் ஒன்பதாவதாக அவன் பெயர் இருந்தது, வயது பதினேழு, வேலை பண்டாரி என்று உரிமையாளரே எழுதியிருந்தார். அந்தத் தாளையே மறுபடியும் தாக்கல் செய்தோம். அந்த அம்மாவுக்கும் உத்தரவானது.