கையெழுத்துப் போட்டவன் நான்

சோதித்துப் பார்க்காத ஓர் உலோகப் பொருளைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அது உடைந்தபோது பழி என்கீழ் வேலை பார்த்த மெஷின் ஆபரேட்டர் தலையில் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் தொழில் இன்னதென்று தெரியாதவர்களுக்கு இது ஏதோ ஃபைலில் நடந்த சின்னத் தவறாகத் தோன்றலாம். அதனால் தொழிலை முதலில் விளக்கிவிடுகிறேன். அப்போதுதான் நான் செய்ததன் கனம் புரியும்.

கோவையில் உலோக த்ரீ டி பிரிண்டிங் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருந்தேன். அதற்கு முன்பு லேத், மில்லிங் என்றே காலம் தள்ளியவன். அந்த வேலையில் கட்டி உலோகத்தை வாங்கி வைத்து, வேண்டாததைச் சீவித் தள்ளுவோம். சீவியதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போகும். த்ரீ டி பிரிண்டிங், அதாவது அடிட்டிவ் மேனுஃபேக்சரிங், இதற்கு நேரெதிர். வெறும் தட்டில் தொடங்கி, எங்கே தேவையோ அங்கே மட்டும் பொருளைச் சேர்த்துக்கொண்டே போவது.

1984இல் அமெரிக்கரான சக் ஹல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த முறையில், புற ஊதா ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசினை அடுக்கடுக்காக இறுக வைத்து ஓர் உருவத்தை எடுத்தார்கள். இன்று கல்லூரி ஆய்வகங்களில் நாம் பார்க்கும் சிறிய மெஷின்கள் பிளாஸ்டிக் இழையை உருக்கி, வரி வரியாக இழுத்து அடுக்குகின்றன. பொருள் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். கணினியில் வரைந்த உருவத்தைக் கிடைமட்டமாக மெல்லிய சீவல்களாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிஜத்தில் கட்டுவது.

எங்களுடையது உலோகப் பொடி மெஷின். கதவை மூடி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு ஆர்கான் வாயுவை நிரப்புவோம். பேஸ் பிளேட்டின் மேல் ஒரு பிளேடு 40 மைக்ரான் கனத்துக்குப் பொடியைப் பரப்பும். ஒரு மில்லிமீட்டருக்குள் இப்படி 25 அடுக்குகள் அடங்கும். எந்த இடம் உலோகமாக வேண்டுமோ அந்த இடத்தில் மட்டும் லேசர் ஓடி, பொடியை உருக்கிக் கீழ் அடுக்கோடு ஒட்டவைக்கும். பிளேட் ஓர் அடுக்கு இறங்கும். மறுபடி பொடி, மறுபடி லேசர். 6 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பொருளுக்கு 1500 முறை இது நடக்க வேண்டும். உருகிய இடம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் குளிர்ந்துவிடுவதால் உலோகத்துக்குள் இழுவிசை தங்கிவிடும். அதனால் முடிந்த கையோடு பிளேட்டோடு சேர்த்துச் சூளையில் வைத்து ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்வோம். அதன் பிறகுதான் வயர்கட்டில் அறுத்துப் பிரிப்போம்.

லேத் வேலையில் ஓர் உருளைக் கம்பி வாங்கினால், அதன் பலத்துக்கு அதைத் தயாரித்த ஆலை சான்றிதழ் தரும். நான் அதன் வடிவத்துக்கு மட்டும் பொறுப்பு. பிரிண்டிங்கில் அந்தப் பங்கீடு கிடையாது. உருவம் எழும்போதுதான் உலோகமும் உலோகமாகிறது. பொடியை விற்றவர் பொடிக்குத்தான் உத்தரவாதம் தருவார். உருகி இறுகியபின் அதற்கு எவ்வளவு பலம் என்பது அன்றைக்கு அந்த மெஷினில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் பொருளின் பக்கத்திலேயே, அதே பிளேட்டில், அதே பொடியில், டெஸ்ட் பார்களை நிற்க வைத்து வளர்க்கிறோம். பிறகு அவற்றை இழுத்து உடைத்துப் பார்க்கிறோம். பொருளுக்குள் இருப்பதைச் சொல்லும் சாட்சி அவைதான். நான் மறைத்தது அந்தச் சாட்சியை.

வந்த வேலை ஒரு கெமிக்கல் பம்புக்கான இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுழன்று திரவத்தைத் தள்ளும் சக்கரம். பொருள் 316எல் எஃகு. இரண்டு தகடுகளுக்கு நடுவில் மெல்லிய வளைந்த சிறகுகள் கொண்ட மூடிய வகை. வார்ப்பில் எடுத்தால் பேட்டர்ன், கோர் என்று வாரக்கணக்கில் இழுக்கும் என்பதால் எங்களிடம் கொடுத்தார்கள். வாடிக்கையாளருக்கும் அவசரம், எங்கள் முதலாளிக்கும் அவசரம்.

பிளேட்டை ஏற்றும் முன் ஆபரேட்டர் தம்பி என்னிடம் வந்தார். "சார், ஃபில்டர் அடைச்சுக்கிச்சுங்க. கேஸ் ஓட்டம் கம்மியா காட்டுது. மாத்திட்டு ஓட்டலாமுங்களா?" என்றார்.

லேசர் படும்போது புகையும் சின்னச் சின்ன உருகிய துளிகளும் தெறிக்கும். பொடிப் பரப்பின் மேல் ஓடும் ஆர்கான்தான் அவற்றை அள்ளிக்கொண்டு ஃபில்டருக்குப் போகும். ஓட்டம் குறைந்தால் தெறித்தவை பொடி மேலேயே விழும். அந்த இடத்தில் லேசர் கீழ்வரை உருக்காது. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே ஒட்டாத இடைவெளிகள் தங்கிவிடும். இவை எல்லாம் எனக்குத் தெரியும். பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்தவை. ஆனாலும், "அளவு இன்னும் சிவப்புக்குப் போகலையே தம்பி, இந்த வேலை முடியட்டும்" என்றேன். ஃபில்டர் மாற்றி, மறுபடி ஆர்கான் நிரப்பினால் அரை நாள் போய்விடும் என்பதுதான் என் கணக்கு.

இம்பெல்லர் பளபளவென்று வந்தது. அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன. டெஸ்ட் பார்களை அறுத்து, கடைந்து, வெளி ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்து ரிப்போர்ட் வாங்க இன்னும் இரண்டு நாள் ஆகும். முந்தைய வேலையின் ரிப்போர்ட் என் கணினியில் இருந்தது. அதே பொடி, அதே மெஷின், அதே செட்டிங்குகள். அந்த எண்களை எடுத்து இந்த வேலையின் எண்ணுக்குக் கீழே போட்டு, கையெழுத்திட்டு அனுப்பினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. முதலாளி கேட்டது பொருளைத்தான், பொய்யைக் கேட்கவில்லை. பொய் என் சொந்த ஏற்பாடு.

வாடிக்கையாளரின் சோதனை மேடையில் நிமிடத்துக்கு 2900 சுற்றில் ஓடும்போது இம்பெல்லரின் மேல் தகடு பிளந்தது. மூடிய கூடத்துக்குள் நடந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. உடைந்த துண்டு எங்களிடம் திரும்பி வந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பிளவு ஓர் அடுக்கின் போக்கிலேயே ஓடியிருந்தது. அந்தப் பரப்பில் குழிகள். குழிகளுக்குள், உருகவே உருகாத பொடி மணிகள் உருண்டை உருண்டையாக, பையிலிருந்து கொட்டியபோது இருந்த அதே வடிவத்தில் உட்கார்ந்திருந்தன. அறுக்காமல் அலமாரியில் போட்டிருந்த டெஸ்ட் பார்களை அறுத்துக் கடைந்து, நானே ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் இழுத்துப் பார்த்தேன். இழுபட்டு நீள வேண்டிய எஃகு, அதிகம் நீளாமலே பட்டென்று விட்டது. இதை முதலிலேயே செய்திருந்தால் இம்பெல்லர் எங்கள் வாசலைத் தாண்டியிருக்காது.

விசாரணைக் கூட்டத்தில், பொடியைச் சலிப்பதில் அல்லது மெஷினைத் துடைப்பதில் கவனக்குறைவு நடந்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நான் மறுக்கவில்லை. ரிப்போர்ட்டில் எண்கள் நன்றாக இருந்ததால் சந்தேகம் என் பக்கம் திரும்பவே இல்லை. என் பொய் என்னைக் காத்து, ஆபரேட்டர் தம்பியைக் காட்டிக்கொடுத்தது. ஃபில்டர் பற்றிச் சொன்னேன் என்று அவர் ஒரு முறை சொன்னார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஞாபகம் இல்லை" என்றேன். அவரை மெஷினிலிருந்து எடுத்து பேக்கிங் பிரிவில் போட்டார்கள். கொஞ்ச காலத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். போலி எண்களைப் போட்டதற்கு அவசரத்தைக் காரணமாகச் சொல்லலாம். ஞாபகம் இல்லை என்று சொன்னதற்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.

இதை இனியும் மறைக்கக் கூடாது என்று என்னை உறுத்தியது 2024 மே மாதம். 9ஆம் தேதி மகேந்திரகிரியில் இஸ்ரோ, பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்காக பிரிண்ட் செய்த இன்ஜினை 665 விநாடிகள் ஓட்டிச் சோதித்தது. 14 பாகங்கள் ஒரே பாகமாகியிருந்தன. 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயிருந்தன. பழைய முறையில் ஓர் இன்ஜினுக்கு 565 கிலோ உலோகம் பிடிக்கும், இதற்கு 13.7 கிலோ பொடி போதுமானது. அதே மாதம் 30ஆம் தேதி, சென்னையின் அக்னிகுல் நிறுவனம் ஒரே பாகமாக பிரிண்ட் செய்த இன்ஜினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ராக்கெட்டை ஏவியது.

சந்தோஷப்பட வேண்டிய செய்திகள். சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த 19 என்ற எண் என்னை விடவில்லை. 19 வெல்டிங் இருந்தபோது, 19 இடங்களில் தனித்தனியாக நின்று பார்க்க முடிந்தது. எல்லாம் ஒன்றாகிவிட்டால் பார்க்க வேண்டியவை அத்தனையும் உள்ளே போய்விடுகின்றன. எக்ஸ்ரே, டெஸ்ட் பார், மெஷின் பதிவு, இவற்றை எழுதுகிறவரின் உண்மை ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலை நான் மனதார நேசிக்கிறேன். இது எந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறதோ அதைத்தான் நான் உடைத்தேன்.

நடந்ததை முழுவதுமாக எழுதி முதலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் அனுப்பிவிட்டேன். என் பெயரில் போன மற்ற ரிப்போர்ட்டுகளையும் அவர்கள் தோண்டிப் பார்த்தார்கள், பார்க்கத்தான் வேண்டும். அந்த வேலையில் நான் இப்போது இல்லை. தம்பியைத் தேடிப் போய்ப் பார்த்தேன். வேறொரு இடத்தில் விஎம்சி மில்லிங் மெஷின் ஓட்டுகிறார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே சார்" என்றார். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை; கேட்கும் உரிமை எனக்கு இல்லை. பழைய சம்பளம் அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. பிரிண்டிங் மெஷின் பக்கம் அவர் திரும்பவும் போகவில்லை. என் கடிதத்தால் அவை இரண்டும் திரும்பி வராது.

அன்றைக்கு மெஷின் முன்னால் நின்றவர்களில் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் மீதிருந்த குற்றம் என்னுடையது. இதை எழுதியிருப்பவன்தான் அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவனும்.