மழை பார்க்கப் போனோம்

மார்கழி மழை விடாமல் பெய்தது. "வீட்டில இருந்து என்ன செய்யிறது? மூதூர்ப் பக்கம் போட்டு வருவம், வாரும்" என்றார் இவர். திருகோணமலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டோம்.

கிண்ணியாப் பாலத்தில் நிறுத்தினோம். ஒருபுறம் தம்பலகாமக் குடா, மறுபுறம் கொட்டியாரக் குடா. மழையில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். 2009 இல் இந்த 396 மீற்றர் பாலம் திறக்கும்வரை 'பாதை'யில்தான் கடந்தோம். அடையாள அட்டையை இறுக்கிப் பிடித்துக் காத்திருந்த அந்நாட்களில் நான் இந்தக் கடலைப் பார்த்ததேயில்லை.

கங்கைப் பாலத்தின் கீழ் மகாவலி கலங்கி ஓடியது. அப்பால் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்தோம். "மூதூரில என்ன அலுவல்?" என்று கடைக்கார அம்மா கேட்டார்.

"ஒரு அலுவலும் இல்லை அம்மா, மழை பார்க்க வந்தனாங்கள்" என்றேன். சொன்ன பிறகுதான் விளங்கியது: அலுவலோ அச்சமோ இல்லாமல் இவ்வீதியில் நான் வந்தது இதுவே முதல் தடவை.

சகோதரிகளே, ஒருநாள் நீங்களும் வெளிக்கிட்டுப் பாருங்கள்.