மூன்று சொடுக்குகள்

எம் தந்தையார் விட்டுச்சென்றவற்றுள் நாம் பெரிதும் போற்றியது ஒரு நாகசுர இசைத்தட்டு. வீட்டுப் பெட்டி பழுதாகிக் கிடந்தமையால் பல்லாண்டாக அதனைக் கேட்டோமில்லை. நினைவில் மட்டும் பழுதின்றி ஒலித்துக்கொண்டிருந்தது. 2009-ல் உடன் பணியாற்றிய வேதியியல் விரிவுரையாளர் இரவல் கேட்டார், கொடுத்தோம். தட்டு திரும்பி வந்தபின் பெட்டியைச் செப்பனிட்டுக் கேட்டால், கல்யாணி ஆலாபனையின் நடுவே மூன்று சொடுக்குகள். 1.8 நொடிக்கு ஒன்று. அதாவது நிமிடத்துக்கு முப்பத்துமூன்றே கால் சுற்றுக்குச் சற்று மேல் சுழலும் தட்டில் சுற்றுக்கு ஒன்று. கீறல்தான் என்று முடிவுகட்டி, ஆசிரியர் அறையில் பலர் முன்னிலையில் கேட்டோம்.

"நான் ஒண்ணும் செய்யலை சார்" என்றார்.

"ஆய்வகத்துக் குடுவையைப் போலவா இதையும் கையாள்வது?" என்று கூடுதலாக ஒரு சொல்லும் சொன்னோம். பிறகு அவர் எம்மோடு பேசவில்லை, மாற்றலாகிப் போனார்.

சென்ற ஆண்டு சென்னையில் ஒரு பழைய தட்டுக் கடையில் அதே தட்டின் வேறொரு படி கிடைத்தது. அதே கல்யாணி, அதே இடம், அதே மூன்று சொடுக்குகள்.

கடைக்காரர் வழியாக, இசைத்தட்டு ஆலையொன்றில் மின்முலாம் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைக் கண்டோம். இரு தட்டுகளையும் உருப்பெருக்கியின்கீழ் சாய்த்துப் பார்த்தார். "கீறல்னா பள்ளம் விழும் சார். இது மேடு."

மூலம் என்பது அலுமினியத் தகட்டின்மீது நைட்ரோசெல்லுலோஸ் பூசிய லாக்கர் தட்டு. (நம் அரக்கு சேர்ந்தவை பழைய 78 சுற்றுத் தட்டுகள், இது வேறு.) அதில் ஒலி வரிகளாக வெட்டப்படும். லாக்கர் மின்சாரம் கடத்தாது. ஆகவே கழுவி, ஸ்டானஸ் குளோரைடால் பதப்படுத்தி, மெல்லிய வெள்ளிப் படலம் படியவைத்து, அதன்பின் நிக்கல் தொட்டியில் இறக்குவார்கள். பிரித்தெடுத்த நிக்கல் தகடு 'தந்தை', அதிலிருந்து 'தாய்', தாயிலிருந்து அச்சுத் தகடு. பிரிக்கையில் லாக்கர் பெரும்பாலும் பாழாகிவிடும். மூல ஏடு ஒருமுறைதான் படியெடுக்கப்படும் என்று கொள்ளலாம்.

பழுது எங்கும் புகும். கைரேகையின் எண்ணெய் பட்ட இடத்தில் வெள்ளி ஒட்டாது. தொடக்கத்திலேயே மின்னோட்டத்தைக் கூட்டினால் படலம் எரியும். தொட்டி சூடேறினால் வரிகள் நெளியும். கரைசலில் கரிமக் கழிவு சேர்ந்தால் கரித்தூள் இட்டு வடிக்கவேண்டும். எல்லாவற்றிலும் நுட்பமானது குமிழி. நிக்கலோடு கூடவே எழும் ஹைட்ரஜன் குமிழி ஒன்று ஒட்டிக்கொண்டால் அவ்விடத்தில் நிக்கல் படியாது, குழி விழும். அச்சின் குழி தட்டில் மேடு. அதற்காகவே தகட்டைச் சுழற்றுவார்கள். குமிழி வழுக்கிப்போக ஈரமாக்கி சேர்ப்பார்கள்.

"ஓர் அச்சுல மட்டும்னா அச்சை மாத்திடலாம். எல்லா அச்சுலயும்னா தாயைப் பாக்கணும், இல்லேன்னா தந்தையை." தாயை ஊசி வைத்துக் கேட்கவும் முடியும், நுண்ணோக்கியின்கீழ் சிறு கருவியால் மேட்டைச் செதுக்கவும் முடியும். ஒட்டுத்தாளைச் சுற்றிய வெற்றிடத்தைக் காட்டினார். பொறித்திருந்த எண்ணும் குறியும் இரண்டிலும் ஒன்றே.

இரு சுவடிகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால் அவை ஒரே தாய் ஏட்டின் வழிவந்தவை. படித்தவன்மீது பழிபோடாதீர்கள் என்று முதுகலை மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லிவருகிறோம். அந்த அறையிலேயே எமக்கு வியர்த்தது.

நண்பரைத் தொலைபேசியில் அழைத்தோம், எடுக்கவில்லை. கடிதம் எழுதினோம். மன்னிப்பு என்ற சொல்லுக்கு முன்பாகக் குமிழியைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறோம் என்பது அஞ்சலில் சேர்த்தபின்னரே உறைத்தது.

பத்து நாளில் பதில் வந்தது. ஒரே வரி. "அந்த ஈரமாக்கி எதுன்னு பெரியவரைக் கேட்டீங்களா சார்?"