ஒரு மாதத் தேவை

விலை ஏறுவதை அரபு மொழியில் 'ஃகலா' என்பர். எல்லை மீறுவதைக் குறிக்கும் 'ஃகுலூ' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததே. இதை மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். விலை எல்லை மீறும் காலத்தில் அதைக் கொடுத்து வாங்குகிறவனும் எல்லை மீறிவிடக் கூடும் என்பதை 2022ஆம் ஆண்டில்தான் கற்றுக்கொண்டேன்.

இலங்கையில் அவ்வாண்டைக் கழித்தவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சிலவற்றைக் குறிக்கிறேன். அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றியது. மார்ச் மாதத்தில் ரூபாவின் மதிப்பைச் சந்தையின் போக்கில் விட்டார்கள். சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதங்களில் 360 ரூபாவை எட்டிற்று. ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். உணவுப் பொருள்களுக்கு மட்டும் ஏறத்தாழ 95 சதவீதம். 2021 அக்டோபருக்கு முன் 1,500 ரூபாவுக்குள் கிடைத்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் அடுத்த ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. 380 ரூபாவாக இருந்த 400 கிராம் பால்மாப் பொதி, படிப்படியாக ஏறி, 2022 மார்ச்சில் 790 ரூபாவில் வந்து நின்றது. என் சம்பளம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

எங்கள் கிழக்குக் கரையோர ஊர் இதை எவ்வாறு சமாளித்தது? பெண்கள்தாம் சமாளித்தார்கள் என்பதே நேர்மையான விடை. முற்றத்து மூலையில் மறந்துபோயிருந்த விறகடுப்பு மீண்டும் புகைந்தது. தென்னம்பாளையும் பொச்சுமட்டையும் விலைமதிப்புப் பெற்றன. காலையில் பாண் இருந்த தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கு வந்தது. அக்காள் வீடும் தங்கை வீடும் ஒரே அடுப்பில் சோறாக்கின. கழுத்திலும் கையிலும் கிடந்தவை ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயின. ஆண்டுக்கணக்கில் கொப்பியில் எழுதிக் கடன் கொடுத்து வந்த கடைக்காரர் ரொக்கம் கேட்கத் தொடங்கினார். அவரைக் குறைசொல்லவும் வழியில்லை. சென்ற மாத விலைக்கு எழுதிய கடனை இன்று முழுமையாக வசூலித்தாலும், அந்தப் பணத்துக்கு அதே சரக்கை அவரால் திரும்ப வாங்க முடியாதன்றோ?

பால்மாவின் கதை இன்னும் சிக்கலானது. 2021 அக்டோபர் வரை அதற்குக் கட்டுப்பாட்டு விலை இருந்தது. அந்த விலைக்கு இறக்குமதி செய்வது கட்டாது என்று வணிகர்கள் கைவிரித்தபோது கடைகளில் தட்டுகள் காலியாயின. கட்டுப்பாட்டை நீக்கியதும் பொருள் வந்தது. விலையும் கூடவே வந்தது. பின்னர் டொலர் இல்லாமற் போகவே, விலை கொடுக்க ஆயத்தமாயிருந்தவர்களுக்கும் பொருள் கிடைக்கவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு பொதி என்று வரிசையில் நிறுத்திக் கொடுத்தார்கள்.

நான் வரிசையில் நிற்கவில்லை. கடைக்காரர் ஒருவருடைய பிள்ளைகள் என்னிடம் ஓதியவர்கள். பிப்ரவரி மாத இறுதியில், இஷாத் தொழுகைக்குப் பின், கடையின் பின்வாசல் வழியாக ஒன்பது பொதிகளை என்னிடம் கொடுத்தார். அன்றைய விலையான 540 ரூபாவுக்குமேல் ஒரு சதமும் கூடுதலாகப் பெறவில்லை. எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் இருவர். குசினித் தட்டில் வைத்தால் வருவோர் போவோர் கண்ணில் படும் என்று, என் கிதாபு அலமாரியில் பெரிய கிரந்தங்களின் பின்னே அடுக்கி வைத்தேன். மறைத்து வைக்கத் தோன்றியபோதே, அதில் மறைக்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது என எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ரமழான் விடுமுறைக்கு முன்னர், ஸஹீஹ் முஸ்லிம் பாடத்தில் 'இஹ்திகார்' என்னும் பதுக்கல் பற்றிய நபிமொழிக்கு வந்தோம். பதுக்கும் வணிகனைப் பற்றி அழுத்தமாகவே பேசினேன். அப்போது ஒரு மாணவன் எழுந்து, "ஹஸ்ரத், விற்பதற்கல்லாமல் வீட்டுக்கென்று வாங்கிச் சேர்த்து வைத்தால் அதுவும் இஹ்திகார் ஆகுமா?" என்று வினவினான். நான் சற்றும் தயங்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்னும் அறிவிப்பை எடுத்துக்காட்டி, "ஆகாது" என்றேன். மாணவன் அமர்ந்தான். என் மனமும் அமைதியடைந்தது.

அன்றிரவு நீண்ட மின்வெட்டு. அந்த ஓராண்டு உணவு பற்றிய அறிவிப்புக்கு இமாம் நவவி எழுதிய விளக்கத்தை மறுநாளைக்காகப் பார்த்து வைப்போம் என்று மெழுகுதிரியுடன் அலமாரியைத் திறந்தேன். கிரந்தத்தை எடுத்ததும் பின்னாலிருந்த பொதிகள் தெரிந்தன. எங்களுக்கென்று இன்னும் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. ஆனால் எண்ணினால் ஆறுதான் இருந்தன.

மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். குரலைச் சற்று உயர்த்தியே கேட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் சாவதானமாகச் சொன்னாள்: "மூணையும் நான்தான் எடுத்துக் குடுத்தன். பக்கத்து வீட்டுத் தங்கச்சிர புள்ளைக்கு மூணு நாளா வெறுந்தேத்தண்ணிதான். மத்த ரெண்டும் பின் வளவுக்குப் போன. உங்கட கிதாபுல கை வைக்கல்ல. பின்னுக்கு இருந்ததத்தான் எடுத்தன்."

"நமக்கு வேண்டாமா?" என்றேன்.

"நம்மட ரெண்டு புள்ளையளுக்கும் ஒரு மாசத்துக்கு எவ்வளவு போகும் எண்டு எனக்குத் தெரியும். அது இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கோபம் தணியாமலே கிரந்தத்தைப் பிரித்தேன். அங்கே, பெரும்பாலான அறிஞர்களின் கருத்தாகக் காழி இயாழ் அவர்கள் எடுத்துரைத்ததென இமாம் நவவி குறிப்பிடும் விளக்கம் இருந்தது. அதன் சாரம் இதுதான்: ஒருவன் தன் நிலத்து விளைச்சலிலிருந்து ஓராண்டுக்குச் சேமித்து வைப்பது ஆகுமானது. நாயகம் (ஸல்) அவர்களுடைய சேமிப்பும் அத்தகையதே. சந்தையிலிருந்து வாங்குகிறவனோ, தட்டுப்பாடான காலத்தில் மற்றவர்களை நெருக்கடிக்கு ஆளாக்காத அளவே வாங்க வேண்டும். சில நாள்களுக்கோ ஒரு மாதத்துக்கோ போதுமான அளவு. மலிவான காலத்தில் ஓராண்டுக்கும் வாங்கலாம்.

ஒரு மாதம்! ஏட்டில் இருந்த அளவைத்தான் அவள் அடுப்படியிலிருந்து சொல்லிவிட்டுப் போனாள். நான் இந்தப் பக்கத்தை இளமையில் ஓதியவன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. எனக்குச் சாதகமான முற்பகுதி நினைவிருந்தது. பிற்பகுதி நினைவில் இல்லை. கற்றவனுக்குரிய ஆபத்து இது. கல்லாதவன் தவறு செய்தால் மனம் உறுத்தும். கற்றவனோ அந்த உறுத்தலுக்கு முன்பே ஓர் ஆதாரத்தைத் தேடி எடுத்துவிடுவான்.

மறுநாள் வகுப்பில், "நேற்று பாதியைத்தான் சொன்னேன்" என்று தொடங்கி மீதியை வாசித்துக் காட்டினேன். என் அலமாரியைப் பற்றியும் பின்வாசலைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். வினா எழுப்பிய மாணவன் தலைகுனிந்திருந்தான். பாடம் முடிந்த பின் விசாரித்தபோது, அவனுடைய தந்தை அதே கடை வரிசையில் இரண்டு முறை நின்று வெறுங்கையுடன் திரும்பியவர் என்று தெரிந்தது. அந்த ஒன்பதில் ஒன்று அவருக்குரியதாக இருந்திருக்கலாம்.

எங்கள் மாதத் தேவைக்கு நான்கை நிறுத்திக்கொண்டு, ஒன்றை அன்று மாலையே அவன் வீட்டுக்கு அனுப்பினேன். மற்றதும் தேவையான ஒரு வீட்டுக்குப் போயிற்று. இரண்டு நாள்களுக்குப் பின் அந்த மாணவன், தன் தாய் தந்ததாக, மடித்த தாள்களில் 790 ரூபாவைக் கொண்டுவந்து நீட்டினான். அன்றைய கடை விலை அது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அந்தத் தாயை என்னிடம் தர்மம் பெற்றவராக்கிவிடுவேன். அப்படியே பெற்றுக்கொண்டால், தட்டுப்பாட்டில் வாங்கி, வைத்திருந்து, விலை ஏறியபின் விற்றவனாவேன். முதல் நாள் நான் அழுத்தமாகப் பேசினேனே, அந்த வணிகனேதான். 540 ரூபாவை எடுத்துக்கொண்டு 250 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தேன். "வாங்கிய விலை அதுதான் என்று உம்மாவிடம் சொல்லு" என்றேன்.

இதைச் சொல்வதால், ஏழை வாங்கிய ஒரு பொதி அதிகமானதாலேயே நாடு முடங்கியது என்று யாரும் கருதிவிடலாகாது. பொருளாதாரச் சரிவுக்கு ஆட்சியின் உயர்பீடங்களில் இருந்தவர்களே பொறுப்பாளிகள் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. பெரும் பிழைகள் அங்கே நடந்தன. அவற்றின் சுமையை வரிசையில் நின்றவர்கள் தமக்குள் எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள் என்பது மட்டுமே எங்கள் கையில் இருந்தது. அந்தச் சிறு பகுதியில் நான் தவறினேன்.

2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு இறங்கியதாகப் பத்திரிகைகள் எழுதின. மனைவி அதை வாசிக்கக் கேட்டுவிட்டு, "அப்ப சாமான் பழைய விலைக்கு வருமா?" என்றாள். வராது, ஏறியது ஏறியதுதான், இனி ஏறும் வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவே என்று விளக்கினேன். சற்று யோசித்துவிட்டு, அம்மாதத்துச் சாமான் பட்டியலை என்னிடம் தந்தாள். பால்மாவுக்கு நேரே 'நாலு' என்று எழுதியிருந்தது. நான் அதை மாற்றவில்லை.