கொலைக்குப் பின் வரும் பக்கங்கள்

கொலை கொடிது; ஆயினும் கொலைக்கதை இனிது. இம்முரண் இன்று நேற்றுத் தோன்றியதன்று. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் திகம்பர சாமியாரும், தமிழ்வாணனின் சங்கர்லாலும் நம் முன்னோரை உறங்கவிடாது விழித்திருக்கச் செய்தனர். சுஜாதாவின் கணேஷும் வசந்தும், ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும் எம் தலைமுறையினரின் இராப்பொழுதுகளைக் கவர்ந்துகொண்டனர். எம் ஊர் வாடகை நூலகத்திலிருந்து நாம் எடுத்துவந்த நூல்களுள் பாதிக்கு மேற்பட்டவை கொலைக்கதைகளே. வாப்பா கண்டித்ததில்லை. "படிக்கிற பிள்ளை எதையாவது படிக்கட்டும்" என்பார். தமிழ் கற்பிக்கும் பணிக்கு வந்த பின்னரும் அக்கதைகளை இகழ நமக்கு மனம் வந்ததில்லை. சிறு குறிப்பையும் நினைவில் இருத்திப் படிக்க நம்மைப் பழக்கியவை அவையே.

எனினும் அவற்றுக்கென ஓர் இலக்கணம் உண்டு. முதற் பக்கங்களில் ஒருவர் இறப்பார், கொன்றவர் யார் என்னும் வினா எழும், இறுதிப் பக்கத்தில் விடை கிடைக்கும், கைவிலங்கு பூட்டப்படும், கதை முடியும். இறந்தவர் அக்கதைக்குள் நுழைவதற்கு ஒரு வாயில் மட்டுமே. வாயிலைக் கடந்தபின் அவரை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. கொன்றவரும் பிடிபட்ட அளவில் நம் நெஞ்சைவிட்டு நீங்கிவிடுகிறார்.

இவ்விலக்கணத்தைத் தலைகீழாக மாற்றிய நூல் ருஷ்யப் பேராசான் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்'. 1866-ஆம் ஆண்டில் இதழொன்றில் தொடராக வெளிவந்தது அது. மதுரைப் பாத்திமாக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராகத் திகழ்ந்த எம்.ஏ. சுசீலா அவர்களின் மொழிபெயர்ப்பால் தமிழிலும் உலவுகிறது. ரஸ்கோல்னிகோவ் என்னும் வறிய இளைஞன், பீட்டர்ஸ்பர்க் நகரில் அடகு பிடித்து வட்டி வாங்கும் மூதாட்டியைக் கோடரியால் கொல்கிறான். பிறர் குருதியை உறிஞ்சும் ஒருத்தி ஒழிந்தால் பலர் வாழ்வர் என்பது அவன் போட்ட கணக்கு. ஆனால் எதிர்பாராது அங்கு வந்துவிட்ட, ஒரு பாவமும் அறியாத அவள் தங்கை லிஸவேத்தாவையும் அவன் கொல்ல நேர்கிறது. கணக்கு அங்கேயே பொய்த்துப் போகிறது.

ஆறு பகுதிகளும் ஒரு முடிவுரையும் கொண்ட அந்நாவலில், இக்கொலைகள் முதற் பகுதியிலேயே நிகழ்ந்துவிடுகின்றன. கொன்றவன் யார் என்பதில் படிப்பவர்க்கு ஐயமே இல்லை. அப்படியாயின் எஞ்சிய பகுதிகள் எதைப் பேசுகின்றன? தண்டனையைப் பேசுகின்றன. அவனுக்கு நீதிமன்றம் விதித்தது சைபீரியாவில் எட்டாண்டுக் கடுங்காவல். ஆனால் உண்மைத் தண்டனை அதற்கு நெடுநாள் முன்பே தொடங்கிவிட்டது. காய்ச்சலும் அச்சமும் அவனை வாட்டுகின்றன. பெற்ற தாயையும் உடன்பிறந்த தங்கையையும் அவனால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை. அந்நாவல் வெளிவரத் தொடங்கிய 1866 சனவரித் திங்களிலேயே, மாஸ்கோவில் ஒரு மாணவன் அடகுக்கடைக்காரர் ஒருவரையும் அவர் வீட்டுப் பணிப்பெண்ணையும் கொன்றான் என்பது வரலாறு. கற்பனையும் நடப்பும் அவ்வளவு அருகருகே நின்றன.

நூலில் கண்ட உண்மையை நாம் எம் தெருவிலும் கண்டதுண்டு. பெயர்கள் வேண்டா. வரப்புத் தகராறில் ஓர் இளைஞரைக் கொன்று, சிறைவாசம் முடிந்து திரும்பியவர் ஒருவர் எம் தெருவில் இருந்தார். ஜும்ஆத் தொழுகைக்கு வருவார். கடைசி வரிசையில் நிற்பார். சலாம் சொன்னால் பதில் சொல்வார். தாமாக எவரிடமும் பேசார். இறந்தவரின் தாயார் இரண்டு தெரு தள்ளி வாழ்ந்தார். அம்மூதாட்டி ஒருநாள் வாப்பாவிடம் வந்து, "தம்பி, அவனை நான் சபிக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. என் பிள்ளை கடைசியாக என்ன சொன்னான்? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

வழக்கில் ஆயுதம் எது, நேரம் எது, பார்த்தவர் யார் என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். ஒரு தாயின் வினாவைக் கேட்க அங்கே இடமில்லை. அதற்கு விடை அறிந்தவர் உலகில் ஒருவரே. வாப்பா கேட்டபோது அவர் தலைகுனிந்து போய்விட்டார். பல மாதம் சென்று, ரமலானில் ஒருநாள் நோன்பு திறக்கும் நேரத்திற்குச் சற்று முன் எம் வீட்டுத் திண்ணையோரம் வந்து நின்றார்.

"தண்ணி கேட்டாரு, பாய்."

"கொடுத்தீரா?"

"இல்லை. ஓடிட்டேன்."

உம்மா நீட்டிய குவளையை அவர் வாங்கிக்கொண்டார். பாங்கு ஒலித்த பின்னும் நெடுநேரம் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். வாப்பா மறுநாள் மூதாட்டியிடம் அதைச் சொன்னாராம். அவர் அழுதுவிட்டு, "சொன்னானே, அது போதும்" என்றாராம். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நாமும் அதற்கு மேல் பொருள் கூற விரும்பவில்லை.

ஆதம் நபியின் மகன் தன் உடன்பிறந்தானைக் கொன்றபோது உலகில் காவல் நிலையம் இல்லை, நீதிமன்றம் இல்லை. மண்ணைக் கிளறிப் புதைக்கும் வழி காட்டிய காகத்தைக் கண்டே அவன் வருந்தினான் என்று திருக்குர்ஆன் கூறுகிறது. மனச்சான்று மன்றங்களுக்கெல்லாம் மூத்தது.

ஆயினும் மனச்சான்று ஒன்றே போதும், மன்றம் வேண்டா என்று கொள்ளலாகாது. தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்வே இதற்குச் சான்று. அரசுக்கு எதிரான குழுவில் சேர்ந்தார் என்று 1849-இல் சிறைப்பட்ட அவர், அவ்வாண்டு டிசம்பரில் சுட்டுக் கொல்லப்படுவதற்காகத் திடலில் நிறுத்தப்பட்டார். கடைசி நேரத்தில் தண்டனை மாற்றப்பட்டது. ஓம்ஸ்க் சிறையில் நான்காண்டு கழித்தார். அங்கே தந்தையைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைக் கண்டார். அவர் சிறிதும் வருந்தாமல் களிப்போடு திரிவதை வியந்து, தம் சிறை அனுபவ நூலின் முற்பகுதியில் எழுதினார். அந்நூலின் பிற்பகுதியிலோ, அம்மனிதர் குற்றமற்றவர், பத்தாண்டு வீணே தண்டனை பெற்றவர் என்ற செய்தி வந்திருப்பதாகக் குறித்தார். குற்றமே செய்யாதவர் எதற்காக வருந்துவார்? பின்னாளில் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில், தந்தையைக் கொல்லாமலே தண்டனை பெறும் மகன் உருவாக அச்செய்தியே வித்திட்டது.

இவ்விடத்தில் தமிழ் மாணவர்க்குக் கோவலன் நினைவுக்கு வராமல் இரான். காற்சிலம்பு ஒன்று கையில் இருந்ததே அவன் உயிருக்கு உலையாயிற்று. பொற்கொல்லன் சொன்னான், மன்னன் ஆராயவில்லை, காவலன் வெட்டினான். உண்மை வெளிப்பட்டபோது பாண்டியனைத் தண்டிக்க மேல்மன்றம் இல்லை. அவன் நெஞ்சே அவனைத் தண்டித்தது. அரியணையிலேயே உயிர் நீத்தான். அவன் உயிர் கொடுத்தும் கோவலன் உயிர் மீளவில்லை. இதனால்தான் தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும் என்கிறோம்.

மாணவச் செல்வங்களே, கொலைக்கதைகளைப் படியுங்கள்; தடையில்லை. நூலை மூடும்போது மட்டும் இறந்தவரைப் பெற்றவள் என்ன ஆனாள் என்று ஒரு கணம் எண்ணுங்கள். நாளிதழில் ஒருவர் படத்தைக் காணும்போது, 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்பதும் 'குற்றவாளி' என்பதும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். தேர்வுத்தாளில் சொல்லை மாற்றி எழுதினால் மதிப்பெண் குறையும். இங்கே மாற்றிச் சொன்னால் ஒரு மனிதரின் வாழ்வே குறைந்துபோகும். சொல்லைக் கற்கும் துறையில் இருக்கும் நாம் இவ்வேறுபாட்டைக் காக்காவிடில், வேறு யார் காப்பார்?