குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு

தேவைக்காக அன்றி, தம் தகுதியைப் பிறர் காண வேண்டும் என்பதற்காகவே செய்யப்படும் செலவை அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லன் 1899இல் ஆராய்ந்தார். தமிழில் அதனைப் பகட்டு நுகர்வு எனலாம். வாங்குவதை ஊரே பார்க்கிறது; வாங்கியது கெட்டு வெளியேறுவதைப் பார்ப்பவர் வீட்டு வேலை செய்யும் பெண் மட்டுமே.

அண்ணனூரில் மின்சார ரயில் ஏறி, வில்லிவாக்கத்தில் இறங்கி, அண்ணா நகர் அடுக்ககங்களுக்குச் செல்லும் பணிப்பெண், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் கறுத்து நீர்விட்ட கொத்தமல்லிக் கட்டையும், அதன்மேல் அன்று புதிதாக வந்திறங்கிய இன்னொரு கட்டையும், புளித்துப் பொங்கிய மாவுப் பொட்டலத்தையும் ஒருங்கே காண்கிறார். மூன்றாம் நாள் சாம்பார் குப்பைக்கும் அவருக்கும் இடையே சற்றுத் தயங்கி, பெரும்பாலும் அவர் கைக்கே வருகிறது; அந்த வீட்டின் கணக்கில் அது தானம்.

இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை மதிப்பிடுகிறது. இது சராசரி, அதாவது வீணாக்குபவரையும் வீணாக்க வழியற்றவரையும் ஒரே தட்டில் நிறுத்தும் எண் என்பதால், கொட்டுபவர் யார், கொட்டியதைக் கழுவுபவர் யார் என்பதை அது சொல்வதில்லை. அந்தக் கழுவுபவருக்கெனத் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007இல் அமைந்தது. ஆனால் வீட்டுப் பணியாளர் உரிமைக்கான 2011ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

மாலையில் அண்ணனூர் திரும்பும் அதே பெண், நிலையத்துக்கு வெளியே கால் கிலோ தக்காளியை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து எடுக்கிறார்.